முக்கவில்லை, அடக்குகிறான்

ஓசூரிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். இவருக்கு ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவு. கணவருக்குத் தொழிற்சாலையில் வாரத்துக்கு ஒன்றாக மாறிவரும் ஷிஃப்ட் வேலை. ஒரே மகன், 2 வயது 5 மாதம். காலை 7.45 மணிக்குக் கம்பெனி பஸ். அதற்குள் சமைத்து, டப்பா கட்டி, குழந்தையைக் குளிப்பாட்டிக் காப்பகத்தில் விட்டாக வேண்டும். மாலையில் அழைத்துவரும்போது 6.30 ஆகிவிடும். தருமபுரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாமியார் மாதத்தில் பத்து நாள் வந்திருந்து உதவுகிறார்.

ஜூன் மாதம் மழலையர் பள்ளியில் சேர்க்கப் பணம் கட்டியாகிவிட்டது. டயப்பர் போடும் குழந்தையைச் சேர்க்க மாட்டோம் என்று பள்ளியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது. மூன்றே நாளில் கழிப்பறையில் போகப் பழக்கிவிடலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்து, லீவு எடுத்து, டயப்பரை அறவே நிறுத்தி முயன்றிருக்கிறார். மூன்று நாளும் மகன் மலம் கழிக்கவே இல்லை. அவருடைய வார்த்தைகளிலேயே சொல்கிறேன்: “ஜன்னல் திரைக்குப் பின்னால் போய், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் நின்று, முகம் சிவக்கச் சிவக்க முக்குகிறான். டயப்பர் கட்டிவிட்டால்தான் போகிறான். இப்போது அதிலும் நான்கு நாளைக்கு ஒருமுறைதான்.”

அரை மணிக்கொருமுறை ஜட்டியை நனைக்கிறான். மலக்கறையும் எந்நேரமும் இருக்கிறது. காப்பகத்தில் சரியாகக் கழுவிவிடுவதில்லை என்று நினைக்கிறார். நனைக்காமல் இருக்கட்டும் என்று மதியத்துக்கு மேல் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டில் பிடிவாதம் பிடிப்பதால் மூன்று வேளை பாட்டிலில் பால், வேளைக்கு 250 மில்லி. “உன் புருஷனை ஒரு வயதிலேயே பழக்கிவிட்டேன்” என்று மாமியார் சொல்வது இவருக்குக் குத்திக்காட்டுவது போல இருக்கிறது. இரண்டு வாரமாக மகன் தன் பின்பக்கத்தைக் காட்டி “ஆயா சூடு” என்கிறான். காப்பகத்து ஆயா மிரட்டியிருப்பார் என்று இவர் அதை விட்டுவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம் உட்காரவைத்தும் ஒன்றும் ஆகாமல் கீழே இறக்கிவிட்டிருக்கிறார். இறங்கிய இரண்டாவது நிமிடம் புதுப் பெட்ஷீட்டில் ஒன்றுக்குப் போய்விட்டான். “தொடையில் அடித்துவிட்டேன் டாக்டர். என் நான்கு விரலும் பதிந்திருந்தது. அவன் அழாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் வேலைக்குப் போவதால்தான் இப்படி ஆகிறதா? வேலையை விட்டுவிடட்டுமா?” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இதற்காக வேலையை விட வேண்டாம். நீங்கள் நாள் முழுக்க வீட்டில் இருந்திருந்தாலும் உங்கள் மகன் அந்தத் திரைக்குப் பின்னால் போய் நின்றிருப்பான். வேலைக்கே போகாத தாய்மார்களும் இதே கதையைச் சொல்லி என்னிடம் அழுதிருக்கிறார்கள்.

அவன் அங்கே முக்குகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியபடியே அந்தக் காட்சியை இன்னொரு முறை மனதில் ஓட்டிப் பாருங்கள். முக்குகிற குழந்தை முழங்காலை மடக்கும், குந்தும், முன்பக்கம் குனியும். உங்கள் மகன் நுனிக்காலில் விறைத்து நிற்கிறான், கட்டில் காலை இறுகப் பிடித்துக்கொள்கிறான். அநேகமாகத் தொடைகளைச் சேர்த்து, பின்பக்கத் தசையையும் இறுக்கிக்கொண்டிருப்பான். இரண்டிலும் முகம் சிவக்கும், வியர்க்கும். அதனால்தான் பெற்றவர்கள் ஏமாந்துபோகிறார்கள். உங்கள் மகன் வெளியே வரத் துடிப்பதை வரவிடாமல் தன் முழுப் பலத்தாலும் அடக்கிக்கொண்டு நிற்கிறான்.

ஏன் அடக்குகிறான்? வலிக்கிறது, அதனால்தான். என்றோ ஒரு நாள் கெட்டியாக வந்த மலம் ஆசனவாயைக் கீறியிருக்கும். வலித்த வேலையை மறுபடி செய்யக் கூடாது என்பது இரண்டரை வயதின் நியாயம். ஆனால் பெருங்குடலின் வேலையே தண்ணீரை உறிஞ்சுவதுதான். அடக்கி வைத்த மலம் நாளுக்கு நாள் வறண்டு, பருத்து, கல்லாகிறது. அது வெளியே வரும்போது முன்னைவிட அதிகமாக வலிக்கிறது. அடுத்த முறை இன்னும் கடுமையாக அடக்குகிறான். இதைப் பிடிவாதம் என்று நினைத்துப் பெரியவர்கள் அதட்ட அதட்ட முடிச்சு இறுகிக்கொண்டே போகும்.

ஜட்டியில் இருக்கும் கறைக்கும் இதுதான் காரணமாக இருக்கும். மலக்குடல் நிரம்பி விரிந்துவிட்டால், ‘வருகிறது’ என்ற உணர்வு மங்கிவிடும். மேலிருந்து வரும் இளகிய மலம், அடைத்து நிற்கும் கட்டியின் ஓரமாகக் கசிந்து இறங்கும். அவனுக்கே அது தெரியாது. அரை மணிக்கொருமுறை நனைப்பதும் தனி வியாதியாக இருக்க வாய்ப்புக் குறைவு. நிரம்பிய மலக்குடல் முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் அதில் கொஞ்சம் சேர்ந்ததுமே வெளியே வந்துவிடுகிறது. சாப்பிடப் பிடிவாதம் பிடிக்கிறான் என்கிறீர்கள். நான்கு நாள் மலத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு யாருக்குத்தான் பசிக்கும்? நான்கு புகார்களாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது.

இப்படி வரும் குழந்தைகளைப் படுக்கவைத்து, இடப்பக்கம் அடிவயிற்றில் விரல்களால் மெல்ல அழுத்திப் பார்ப்பேன். பல நேரம் பிசைந்துவைத்த களிமண் உருண்டை போலக் கையில் தட்டுப்படும். பிறகு தாயின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைப்பேன். பெரும்பாலான தாய்மார்கள் உடனே கையை எடுத்துக்கொள்வார்கள். அடுத்த கணம் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். அதுவரை ‘அடம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அந்தச் சொல்லை மறுபடி சொல்லி நான் கேட்டதில்லை.

முதலில் வயிறு

அதனால் பழக்கும் முயற்சியை இன்றோடு நிறுத்துங்கள். டயப்பரைத் திரும்பக் கட்டுங்கள். தோற்றுப்போனதாக நினைக்காதீர்கள். வலி இருக்கும்வரை எந்த முறையும் பலிக்காது.

இந்த வாரமே குழந்தை மருத்துவர் ஒருவரிடம் நேரில் காட்டுங்கள். கடிதத்தை வைத்து நான் சொல்வது ஊகம்தான். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பவர்தான் உறுதி செய்ய முடியும். மலச்சிக்கல்தான் என்றால், தேங்கியிருப்பதை வெளியேற்றவும், பிறகு மலம் இளகியே இருக்கவும் லாக்டுலோஸ் அல்லது பாலிஎத்திலீன் கிளைக்கால் வகை மருந்து ஒன்றைக் குழந்தையின் எடைக்கேற்ப எழுதித் தருவார். இவை குடலில் தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குபவை. ‘பழகிவிடும், குடல் சோம்பேறியாகிவிடும்’ என்ற பயம் வேண்டாம். நான் அதிகம் பார்க்கும் தவறு, ஒரு வாரம் நன்றாகப் போனதும் மருந்தை நிறுத்திவிடுவதுதான். விரிந்துபோன மலக்குடல் பழைய அளவுக்குச் சுருங்க மாதங்கள் ஆகும். குறைந்தது இரண்டு மாதமாவது கொடுக்க வேண்டியிருக்கும். நிறுத்துவதையும் மருத்துவர் சொல்லி, படிப்படியாகச் செய்யுங்கள்.

வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி வைப்பது, சோப்பைச் சீவி வைப்பது போன்ற கைவைத்தியங்களை உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லக்கூடும். வேண்டாம். கூச்சமும் பயமும் குடியேறிவிட்ட இடத்தில் மறுபடி கை வைத்தால் அந்தப் பயம் இரட்டிப்பாகும். சோப்பு மெல்லிய சவ்வை எரிக்கவும் செய்யும்.

பால் நாளைக்கு 750 மில்லி என்பது இந்த வயதுக்கு அதிகம். 400 முதல் 500 மில்லிக்குள் நிறுத்துங்கள். பாட்டிலை விட்டுவிட்டு டம்ளரில் கொடுங்கள். பாலில் நார்ச்சத்து கிடையாது, இரும்புச் சத்தும் மிகக் குறைவு. அதையே குடித்து வயிறு நிரம்புகிற குழந்தைக்கு மலச்சிக்கலோடு இரத்தசோகையும் வரும். குறைத்த முதல் வாரம் அழுவான். பிறகு பசி வரும். பசி வந்தால் சோறு இறங்கும். தருமபுரிக்காரர் வீட்டில் இருக்கும்போது கேழ்வரகைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பப்பாளி, கொய்யா, கீரை, ஊறவைத்த உலர்திராட்சை, மசித்த சுண்டல் என்று அவன் ஒப்புக்கொள்வதில் தொடங்குங்கள். பிஸ்கட்டை மட்டும் வீட்டில் வாங்கி வைக்காதீர்கள்.

தண்ணீரைக் குறைக்கச் சொன்னதை இன்றே மாற்றுங்கள். உங்கள்மேல் குற்றம் சொல்லவில்லை. நீண்ட பஸ் பயணம் போகும் பெண்களும், பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்த மாணவிகளும் தங்களுக்குத் தாங்களே செய்துகொள்வதைத்தான் நீங்கள் மகனுக்குச் செய்தீர்கள். ஆனால் தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், சிறுநீர் அடர்த்தியாகி எரியும், கிருமித் தொற்றுக்கும் வழி உண்டாகும்.

மருத்துவரிடம் போகும்போது இவற்றைத் தவறாமல் சொல்லுங்கள்: பிறந்தபின் முதல் மலம் 48 மணி நேரத்துக்கு மேல் தாமதமானதா, எடை ஏறாமல் நிற்கிறதா, மலத்தில் இரத்தம் உண்டா, நடையில் ஏதேனும் தளர்ச்சி தெரிகிறதா, சிறுநீர் எப்போதும் சொட்டிக்கொண்டே இருக்கிறதா, வழக்கத்தைவிட அதிகத் தாகம் இருக்கிறதா. வயிறு உப்பி வாந்தி எடுத்தாலோ, காய்ச்சலோடு சிறுநீர் கழிக்கும்போது அழுதாலோ அன்றைக்கே போக வேண்டும்.

உங்கள் அத்தை சொல்வது பொய்யில்லை

மாமியார் சொல்வதைக் கேட்டு நீங்கள் மனம் நொந்திருக்கிறீர்கள். எனக்கு அதில் வேறு ஒன்று தெரிகிறது. காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் சேர்த்து, அதன்மேல் குழந்தையை உட்காரவைத்து, ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓசை எழுப்பிப் போகவைப்பது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் செய்துவந்த காரியம். குழந்தைக்குக் கால் ஊன்ற இடம் கிடைக்கிறது, முழங்கால் மேலேறிக் குந்திய நிலை வருகிறது, முதுகுக்குத் தாயின் கால் அணைவாக இருக்கிறது. குந்தும்போது மலக்குடலைச் சுற்றி இழுத்துப்பிடித்திருக்கும் தசை தளர்ந்து பாதை நேராகிறது. இன்று நாங்கள் உடற்கூறு சொல்லி விளக்குவதை அவர்கள் கையாலேயே தெரிந்துவைத்திருந்தார்கள்.

ஆனால் அந்தக் காலத்தில் குழந்தையை நாள் முழுக்கக் கண்ணில் வைத்திருக்க ஒருவர் இருந்தார். முகம் மாறினால் தூக்கிக்கொண்டு ஓடுவார். அரைஞாண் கயிற்றோடு திரிந்த குழந்தைக்கு நனைந்தால் உடனே காலில் தெரிந்தது. மண் தரையோ சாணி மெழுகிய திண்ணையோ, ஒரு சொம்பு தண்ணீரில் முடிந்துவிடும். ஒரு வயதுக் குழந்தை சொல்லிவிட்டுப் போனதாக அத்தை நினைவு வைத்திருக்கலாம். அந்த நேரத்தை அறிந்து பழகியதில் பாதி அவர்தான். உங்கள் மகன் பத்து மணி நேரம் காப்பகத்தில் இருக்கிறான். அவன் போடும் டயப்பர் ஈரத்தை ஜெல்லாக உறிஞ்சி வைத்துக்கொள்வதால் நனைந்ததே அவனுக்குத் தெரிவதில்லை. இரண்டு காலத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்பது உங்களுக்கும் நியாயமில்லை, அத்தைக்கும் நியாயமில்லை.

வயதைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன் 1962இல் 1,170 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு ஒன்றை வெளியிட்டார். அவசரப்படுத்தாமல், தயாராகும்வரை பொறுத்திருந்து பெற்றோர் பழக்கிய குழந்தைகள் அவர்கள். பகலில் நனைக்காமல் இருக்கப் பழகிய சராசரி வயது 28.5 மாதம். சராசரியே அது என்றால், அதைத் தாண்டிப் பழகியவர்கள் ஏராளம். உங்கள் மகனுக்கு இப்போது 29 மாதம். எதிலும் பின்தங்கிவிடவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை எப்போது பழகியது என்று யாரிடமும் கேட்காதீர்கள். மூன்று நாள் வீடியோவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்வேன்: ஏற்கெனவே தயாராக இருக்கும் குழந்தையை எந்த முறையிலும் மூன்று நாளில் பழக்கிவிடலாம். அடக்கும் குழந்தைக்கு டயப்பரைத் திடீரென்று பறித்தால், அவனுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பான இடமும் போய்விடுகிறது.

காலையில் ஐந்து நிமிடம், இரவில் ஐந்து நிமிடம்

மலம் இளகி, தினமும் வலிக்காமல் போகத் தொடங்கி மூன்று நான்கு வாரம் ஆகட்டும். திரைக்குப் பின்னால் போய் நிற்பது தானாகக் குறையும். இரண்டு மணி நேரம் டயப்பர் காய்ந்திருப்பது, போவதற்கு முன்போ பின்போ வந்து சொல்வது, ஜட்டியைத் தானே இறக்கப் பார்ப்பது எல்லாம் தெரிந்தால் தொடங்குங்கள்.

உங்கள் வீட்டில் நேரம் இல்லை. நாள் முழுக்கப் பின்னால் சுற்றுகிற முறை உங்களுக்கு ஒத்துவராது. அது தேவையும் இல்லை. சாப்பிட்ட கால் மணி முதல் அரை மணிக்குள் குடல் இயல்பாகவே அசைந்து கொடுக்கும். அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். காலையில் இப்போது எழுப்புவதைவிட இருபது நிமிடம் முன்னதாக எழுப்புங்கள். அதற்கேற்ப இரவில் முன்னதாகத் தூங்கட்டும். அரை டம்ளர் பாலோ கஞ்சியோ கொடுங்கள். நீங்கள் டப்பா கட்டி முடிக்கும் நேரத்துக்கு உட்காரவையுங்கள். இரவு சாப்பாடு முடிந்ததும் இன்னொரு முறை. ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வந்தாலும் வராவிட்டாலும் எழுந்துகொள்ளலாம். கணவர் இரண்டாம் ஷிஃப்டில் இருக்கும் வாரம் காலை வேளையை அவரிடம் விட்டுவிடுங்கள். ‘நான் இருந்தால்தான் போவான்’ என்று ஆகிவிட்டால் உங்களால் ஒரு நாள்கூட நகர முடியாது.

பெரியவர்களின் கழிப்பறை இருக்கையில் உட்காரவைத்தால் கால் அந்தரத்தில் தொங்கும். ஊன்ற இடமில்லாத கால் முக்க உதவாது; விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் உடம்பு இறுகும். இந்தியன் டாய்லெட் என்றால் அந்தப் பள்ளத்தைப் பார்த்தே மிரளுவான். தரையோடு ஒட்டிய சின்னப் பிளாஸ்டிக் இருக்கை ஒன்று வாங்குங்கள். பாதம் முழுதும் தரையில் படிய வேண்டும், முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். உயரம் போதாவிட்டால் அத்தை உட்காரும் மணைப்பலகையைக் காலுக்குக் கீழே போடுங்கள். அத்தை ஊரிலிருந்து வந்திருக்கும் பத்து நாளும் தன் பாதத்தில் உட்காரவைக்க முன்வந்தால், மூட்டு வலி இல்லையென்றால், தாராளமாகச் செய்யட்டும்.

டயப்பரில்தான் போவேன் என்ற பழக்கத்தை ஒரே நாளில் வெட்ட வேண்டாம். முதல் வாரம் டயப்பரோடு போகட்டும், ஆனால் குளியலறைக்குள் நின்று போகட்டும். அடுத்து, டயப்பரோடு அந்த இருக்கையில் உட்காரட்டும். பிறகு டயப்பரைத் தளர்த்தி விடுங்கள். கடைசியில் அதைக் கழற்றி இருக்கைக்குள் விரித்து வையுங்கள். ஒவ்வொரு படியிலும் அவன் இரண்டு மூன்று முறை நிம்மதியாகப் போன பிறகு அடுத்ததற்கு நகருங்கள். சில குழந்தைகள் பத்து நாளில் கடந்துவிடுவார்கள், சிலருக்கு இரண்டு மாதம் ஆகும். ஒரு படியில் மறுத்தால் முந்தைய படிக்குத் திரும்பிப் போங்கள்.

வீட்டில் ‘ஆய்’, காப்பகத்தில் ‘டாய்லெட்’, அத்தையிடம் ‘வெளிக்கு’ என்று ஆளுக்கொரு சொல் இருந்தால் அவன் எதைச் சொல்லிக் கேட்பான்? ஒரு சொல்லை முடிவு செய்து எல்லோரும் அதையே சொல்லுங்கள். பட்டனும் ஜிப்பும் இல்லாத, எலாஸ்டிக் வைத்த கால்சட்டை மட்டும் போடுங்கள். ஊருக்கு பஸ்ஸில் போகும் நாளில் டயப்பர் கட்டினால் பழக்கம் கெட்டுவிடாது. ஜுரமோ, ஊர்ப் பயணமோ வந்தால் பழகியதும் சில நாள் பின்வாங்கும், திரும்ப வரும்.

அந்த அடி

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. இறக்கிவிட்டதும் போனதை வேண்டுமென்றே செய்ததாக நினைத்தீர்கள். இருபது நிமிடம் எல்லோரும் சுற்றி நின்று பார்க்க உட்கார்ந்திருந்தவனுக்கு உடம்பு முழுக்க இறுக்கம். இறங்கி, அப்பாடா என்று மூச்சு விட்டதும் அந்தத் தசையும் சேர்ந்து தளர்ந்துவிட்டது. உட்கார்ந்திருந்தபோது அவனால் தளர்த்த முடியவில்லை.

சின்னக் குழந்தைகள் வீட்டில் கடுமையாக அடிபடுவதற்கு மலமும் சிறுநீரும் ஒரு முக்கியக் காரணமாக இருக்கின்றன. மருத்துவர்களாகிய நாங்கள் அதைக் காயங்களாகப் பார்க்கிறோம். அடித்தவர்களில் பலர் களைத்துப்போன, தூக்கம் கெட்ட, அன்புள்ள பெற்றோர்தான். அதனால் கோபம் ஏறும்போது என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்: ஈரத்தை அப்படியே விட்டுவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடுவது, வீட்டில் வேறு ஆள் இருந்தால் அவரைக் கூப்பிடுவது. பெட்ஷீட் காத்திருக்கும். அவனிடம் போய், ‘அம்மா அடித்தது தப்பு. உனக்கு வலித்தது. இனி அடிக்க மாட்டேன்’ என்று சொல்லுங்கள். இரண்டரை வயதில் அது புரியும். அழாமல் பார்த்துக்கொண்டு நின்றான் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பார்வைக்கு நீங்கள் தர வேண்டிய பதில் இது.

தினமும் இப்படிக் கோபம் பொங்குகிறது, இரவில் தூக்கமே இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் உங்களுக்காகவும் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

காப்பகமும் பள்ளியும்

‘ஆயா சூடு’ என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கரண்டியைக் காய்ச்சிச் சூடு வைப்பது நம் ஊரில் வெறும் மிரட்டலாக மட்டும் இருந்ததில்லை என்பது உங்களுக்கும் தெரியும். இன்றே குளிப்பாட்டும்போது நல்ல வெளிச்சத்தில் பின்பக்கம், தொடை, பாதம் எல்லாம் பாருங்கள். ‘ஆயா சூடு வைத்தார்களா?’ என்று விடையை வாயில் ஊட்டிக் கேட்காதீர்கள். ‘ஆயா என்ன செய்வாங்க?’ என்று கேட்டுவிட்டு அவன் சொல்வதை அப்படியே கேளுங்கள். காயமோ தழும்போ இருந்தால் படம் எடுத்துவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். பொறுப்பில் இருப்பவர் குழந்தையைக் கொடுமைப்படுத்துவது 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். காயம் எதுவும் இல்லாவிட்டாலும் நிர்வாகியிடம் நேரில் பேசுங்கள். மலம் கழிப்பதையும் சூட்டையும் ஒரு குழந்தை சேர்த்துச் சொல்கிறது என்றால், அந்த இடத்தில் அவன் அடக்காமல் எப்படி இருப்பான்? அவர்கள் கேட்டுத் திருந்துவார்கள் என்று தோன்றாவிட்டால் இடத்தை மாற்றுங்கள்.

உங்கள் நிறுவனத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எழுதவில்லை. நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் ஒவ்வொரு தாயும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது இது. 50 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்றும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்க் குழந்தையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்றும் 2017இல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தி விதி கொண்டுவந்தார்கள். பிறகு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. தனியாகப் போய்க் கேட்கத் தயக்கமாக இருந்தால், சின்னக் குழந்தை உள்ள இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள்.

பள்ளி விஷயத்தில் உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்து, மாற்று உடையோடு அனுப்பச் சில மாதம் அவகாசம் கேட்பது. மறுத்தால், பழகாத குழந்தையையும் ஏற்றுக்கொள்ளும் வேறு பள்ளியைப் பார்ப்பது. அல்லது சேர்ப்பதையே தள்ளிப்போடுவது. என்னைக் கேட்டால் முதலாவதை முயன்றுவிட்டு, சரிவராவிட்டால் கட்டிய பணம் போனாலும் போகட்டும் என்று மூன்றாவதை எடுப்பேன். இரண்டரை வயதுக் குழந்தை பள்ளிக்குப் போகாமல் ஆறு மாதம் இருந்தால் எதையும் இழந்துவிடாது. ஏழு வாரத்துக்குள் பழகிவிடலாம்தான். ஆனால் அந்தத் தேதியை மனதில் வைத்துக்கொண்டு அவனை நீங்கள் உட்காரவைத்தால், உங்கள் கையின் இறுக்கத்திலேயே அவனுக்கு அது தெரிந்துவிடும்.

இரவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. பலர் கேட்பதால் சொல்கிறேன். இரவில் நனைக்காமல் இருப்பது பழக்கிவரும் விஷயமில்லை. தூக்கத்தில் சிறுநீர் சுரப்பதைக் குறைக்கும் ஹார்மோனும், நிறைந்தால் எழுப்பிவிடும் உணர்வும் தாமாக வளர வேண்டும். ஐந்து வயதுக்கு முன் அதைக் கோளாறு என்றே நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. இரவு டயப்பரைக் குற்ற உணர்வில்லாமல் கட்டுங்கள்.

மருத்துவரைப் பார்த்துவிட்டு, காப்பகத்தில் பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள். அதுவரை அவன் திரைக்குப் பின்னால் போகும்போது யாரும் பின்னால் போய் எட்டிப் பார்க்க வேண்டாம். இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, ‘வயிறு வலிக்குதா கண்ணா? அம்மா இங்கேதான் இருக்கேன்’ என்று மட்டும் சொல்லுங்கள்.